ஊக்கியும் நூலும்



எங்கள் இரசாயனகூடத்தில் ஐதரசன் பேரொட்சைட்டுக்குள் ஒரு சிட்டிகை மங்கனீசீரொட்சைட்டைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு வருமே, நினைவிருக்கிறதா? தணற்குச்சியைப் பிடித்தால் பற்றிக்கொள்ளும். "அந்தக் கரும்பொடி எங்கே போனது?" என்று ரீச்சர் கேட்பார். எங்கேயும் போகவில்லை, வடித்தால் அப்படியே கிடைக்கும். ஊக்கியைப் பற்றி நாங்கள் படித்தது அவ்வளவுதான்.

அதே ரீச்சர் சில வருடங்களுக்கு முன் எங்கள் விடுதிக்கு வந்தார். அவருடைய அனுமதியுடனேயே இதைச் சொல்கிறோம். செருப்புக் கடித்த சிறு காயம், ஆனால் நீரிழிவு. கழுவினோம், கட்டினோம், மருந்தை மாற்றினோம். கடைசியில் இரண்டு கால்விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று.

குருதியோட்டக் குறைவு, நரம்பு மரத்தல், கிருமித்தொற்று எல்லாம் காரணம்தான். இன்னொன்றும் உண்டு. அழற்சி அடங்காத புண்ணில் வெண்குழியங்கள் ஐதரசன் பேரொட்சைட்டையும் அதன் உறவினரையும் ஓயாமல் வெளிவிடுகின்றன. கிருமியைக் கொல்ல வந்தது, புதிதாக முளைக்கும் கலங்களையும் சுடுகிறது.

இங்கேதான் சீரியம் ஒட்சைட்டு வருகிறது. மோட்டார் வாகனப் புகையைச் சுத்தமாக்கும் ஊக்கியிலும் இருப்பது இதுவே. சீரியம் ஓர் இலத்திரனை வாங்கியும் விட்டும் இரு நிலைகளுக்கிடையே மாறி மாறிப் பேரொட்சைட்டைச் சிதைக்கும். நமது உடலிலுள்ள கற்றலேசு நொதியமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் நனோமீற்றர் அளவான இப்பொடியைப் புண்ணில் அப்படியே தூவினால் கட்டிபட்டுப்போகும், கழுவுண்டும் போகும். ஆகவேதான் நூல்.

பல்பகுதியக் கரைசலில் துணிக்கைகளைக் கலந்து, ஊசியினூடாக மெல்லத் தள்ளி, 10 முதல் 30 கிலோவோல்ற்று வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். இடியப்ப உரலில் நாம் அழுத்துகிறோம்; இங்கே மின்புலம் இழுக்கிறது. துளி கூம்பாகி, அதன் நுனியிலிருந்து கிளம்பும் தாரை சவுக்குப்போலச் சுழன்று உலர்ந்து, தலைமயிரின் நூறிலொரு பங்கிலும் மெல்லிய நாராய் விழும். 1934இலேயே அன்ரன் போர்மால்ஸ் இம்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். கூம்பின் கணக்கை ஜெப்ரி டெய்லர் 1964இல் எழுதினார். சேர்ந்து விழும் நார்கள், தோலிலுள்ள கொலாஜன் வலையை ஒத்த துணியாகின்றன.

சிக்கல் எங்கேயென்றால், துணிக்கை நாரின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில். பொலிகப்ரோலக்ரோன் போன்ற, நீரை ஒதுக்கும் நாருக்குள் ஆழப் புதைந்தால் பேரொட்சைட்டு அதைச் சென்றடையாது. மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் உதிர்ந்துவிடும. ஜெலற்றினைக் கலந்தால் நார் நீரை உறிஞ்சி வழிவிடும். ஆனால் துணி சீக்கிரம் தளர்ந்துவிடும். பொடியைக் கூட்டினாலோ ஊசி அடைக்கும், நாரில் மணிமணியாக முடிச்சு விழும். சமைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும்.

விலங்குகளில் காயம் விரைவாக ஆறியதாக ஆய்வுகள் வந்துள்ளன. எங்கள் விடுதி அலுமாரியில் இந்தத் துணி இன்னும் இல்லை.

கிளினிக்குக்கு வந்த ரீச்சரிடம் இதையெல்லாம் விளக்கினோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, நூல் கரைந்த பிறகு பொடி எங்கே போகும்?" என்றார். சோதனைக் குழாயில் வடித்தெடுக்கலாம், உடலில் முடியாது. குருதியில் ஏற்றிய சீரியம் ஒட்சைட்டு ஈரலிலும் மண்ணீரலிலும் தங்குவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். புண்ணிலிருந்து எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு காலம் இருக்கும் என்ற கணக்கு முடியும்வரை அதை எந்த நோயாளியின் காலிலும் கட்ட நாங்கள் தயாரில்லை என்றோம். ரீச்சர் தலையசைத்தார்.