கடைசிப் பத்து அடியில தேடாதீங்க

போன லேண்டிங் வீடியோவுக்கு வந்த கேள்விகளை உட்கார்ந்து படிச்சேன். முக்கால்வாசி ஒரே கேள்விதான். "மேடம், ஃப்ளேர் எத்தனை அடியில ஆரம்பிக்கணும்?" (தரையைத் தொடறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கறதுதான் ஃப்ளேர்.) விமானம் பலூன் ஆகுது, பவுன்ஸ் ஆகுது, ரன்வே மேல மிதந்துகிட்டே போகுதுன்னு எல்லாரும் கடைசிப் பத்து அடியைப் பத்தியே எழுதியிருக்கீங்க. ரன்வேக்கு நேரா இறங்கி வர்ற ஃபைனல்ல உங்க வேகம் என்னன்னு ஒருத்தர்கூட எழுதலை. நான் கேக்கறது அதைத்தான்.

செஸ்னா 172-ஐ வச்சே பேசறேன், உங்கள்ல நிறையப் பேர் அதுலதான் கத்துக்கறீங்க. 172எஸ் கையேட்டுல முழு ஃப்ளாப்போட சாதாரண அப்ரோச்சுக்கு 60-ல இருந்து 70 நாட்னு போட்டிருக்கு. நடுவுல 65-னு வச்சுக்குவோம். 152-ல பறக்கறவங்களுக்கு 55-ல இருந்து 65. வேற விமானம்னா அதோட கையேட்டைத் திறந்து பாருங்க.

ஒரு தம்பி எழுதியிருந்தார்: "நான் 75-ல வருவேன் மேடம், பத்து நாட் கூட இருந்தா பாதுகாப்புதானே?" இல்லப்பா. 65-க்கு 75-ன்னா வேகம் 15 சதவீதம்தான் கூடுது. ஆனா அந்த விமானம் சுமந்துட்டு வர்ற ஆற்றல் வேகத்தோட இருமடியில ஏறும். கணக்குப் போட்டா 33 சதவீதம் அதிகம். அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க? தரையில இருந்து இறக்கை முனைக்கு முனை இருக்கற நீளத்துக்குள்ள, 172-க்கு அது 36 அடி, வந்ததும் கிரவுண்ட் எஃபெக்ட் ஆரம்பிச்சுடும். இழுவை குறையும். விமானம் வேகத்தை விட மறுக்கும். நீங்க யோக்கை வழக்கம்போல இழுப்பீங்க, மிச்ச வேகம் உயரமா மாறும். உங்க பலூன் அதுதான். கண்ணு முன்னாடி ரன்வே தீர்ந்துட்டு வரும், பயத்துல மூக்கை அமுக்குவீங்க. நோஸ் வீல் முதல்ல தட்டி எம்பும். மறுபடி அமுக்குவீங்க, அடுத்த தட்டு இன்னும் பலமா விழும். இப்படித்தான் ப்ரொப்பெல்லர் தரையில அடிக்குது, 172-ல ஃபயர்வால் மடங்குது.

இது அத்தனையும் ஃப்ளேர்ல நடந்த மாதிரிதான் தெரியும். ஆனா தப்பு நடந்தது 400 அடியில, 75 நாட்டைப் பாத்துட்டு நீங்க சும்மா இருந்தப்போ.

ஒரு பையன் எங்கிட்ட வந்தான். நல்லா படிக்கிற பையன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவான், லேண்டிங் மட்டும் வரலை. தினமும் பலூன். அவனோட முதல் சர்க்யூட்ல நான் ரன்வேயைவிட அவன் இடது கையைத்தான் அதிகம் பாத்தேன். யோக்கை இறுக்கிப் பிடிச்சதுல விரல் முட்டியெல்லாம் வெளுத்துக் கிடக்கு, முன்கையில நரம்பு புடைச்சு நிக்குது. வேகமுள் 60-க்கும் 78-க்கும் நடுவுல ஆடுது. அடுத்த சுத்துல, ஃபைனல்ல நல்ல உயரத்துல இருக்கும்போது, என் கையைத் தயாரா வச்சுக்கிட்டு "யோக்கை விடுப்பா"ன்னேன். விட்டதும் மூக்கு பொத்துனு கீழ போச்சு. ரன்வேக்கு இணையா போற டவுன்விண்ட்ல வச்ச ட்ரிம்மை, அதாவது கைக்குப் பாரம் வராம யோக்கைத் தாங்கற அமைப்பை, அவன் அதுக்கப்புறம் தொடவே இல்ல. வழி முழுக்க விமானத்தோட மூக்கைத் தன் தசையாலயே தூக்கிப் பிடிச்சுட்டு வந்திருக்கான்.

த்ராட்டிலுக்குக் கீழ இருக்கற ட்ரிம் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ்நோக்கி உருட்டச் சொன்னேன். ரெண்டு விரல்ல பிடிச்சா போதும்னு ஆகற வரைக்கும். முள் 65-ல போய் நின்னுச்சு, நின்னது நின்னபடி இருந்துச்சு. அன்னைக்கு ஃப்ளேரைப் பத்தி நான் வாயே திறக்கலை. அவனே செஞ்சான். கையில பாரம் இல்லாததால, யோக் கனத்துட்டே வர்றது அவனுக்கு முதல் தடவையா தெரிஞ்சுது.

அதனால மறுபடியும் சொல்றேன். சரியான வேகம், அந்த வேகத்துக்கு ட்ரிம். இதை 500 அடிக்கு இறங்கறதுக்குள்ள முடிச்சிருக்கணும். முடியலையா, அந்த அப்ரோச்சை விட்டுட்டு மேல போங்க.

இறங்கற இடத்தை எப்படிக் கணிக்கறதுன்னும் கேட்டிருந்தீங்க. விண்ட்ஷீல்டுல எந்தப் புள்ளி நகராம நிக்குதோ, நீங்க அங்கதான் போறீங்க. நீங்க குறி வச்ச இடம் கண்ணாடியில மேல ஏறினா முன்னாடியே விழுந்துடுவீங்க. கீழ நழுவினா தாண்டிப் போயிடுவீங்க. 1944-ல வந்த வொல்ஃப்காங் லாங்கவீஷோட 'ஸ்டிக் அண்ட் ரடர்' புத்தகத்துல இதைப் பொறுமையா விளக்கியிருப்பார், கிடைச்சா படிங்க. ஆனா கவனிங்க, வேகம் நிலையா இல்லன்னா அந்தப் புள்ளியும் நிலையா நிக்காது. திரும்ப அங்கேயேதான் வர்றோம்.

சரி, ஃப்ளேர் எத்தனை அடியில? 10-ல இருந்து 20 அடிக்குள்ள. ஆனா அது ஆல்டிமீட்டர் பாத்துச் செய்யற வேலை இல்ல, கண்ணால செய்யறது. அதுவரைக்கும் குறி வச்ச இடத்தைப் பாத்துட்டு வந்தவங்க, இப்ப பார்வையை ரன்வேயோட தொலைவான பாதிக்குக் கொண்டுபோங்க. மூக்குக்குக் கீழ பாத்தா தரை வேகமா ஓடி மங்கிடும், கை பதறி இழுக்கும். தூரமா பாத்தா, ஓரக்கண்ணுல ரன்வேயோட ரெண்டு பக்கமும் விரியறது தெரியும். அந்த விரிவுதான் உங்க உயரமானி.

த்ராட்டிலை மூடிட்டு, அதுக்கப்புறம் விமானத்தை இறக்க முயற்சியே பண்ணாதீங்க. இறங்க விடாதீங்க. ரெண்டு மூணு அடி உயரத்துலயே வச்சுக்கப் பாருங்க. அது அமரப் பாக்கும், நீங்க இன்னும் கொஞ்சம் இழுங்க. மறுபடி அமரும், இன்னும் கொஞ்சம். ஸ்டால் ஹார்ன் முனக ஆரம்பிக்கற நேரத்துல மெயின் வீல் ரெண்டும் தொட்டிருக்கும். தொட்டதும் யோக்கை விட்டுடாதீங்க, நோஸ் வீல் மெதுவா தானா இறங்கணும். இந்தக் கை பழகணும்னா உங்க இன்ஸ்ட்ரக்டரைக் கேளுங்க: கொஞ்சம் பவர் வச்சு, தரையைத் தொடாம, ரன்வே நீளத்துக்கும் தாழப் பறந்துட்டு மேல போறது. அவர் பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

ஒரு தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. அவங்க ஊர் ரன்வேயில நல்லா இறக்கறாங்களாம், கிராஸ் கன்ட்ரி போன ஏர்போர்ட்ல உயரத்துலயே ஃப்ளேர் பண்ணித் தொப்புனு விழுந்தாங்களாம். உங்க ஃபீல்டு 30 மீட்டர் அகலம்னு எழுதியிருக்கீங்கம்மா, போன இடம் 45. அகலமான ரன்வே, நீங்க தரைக்குக் கிட்ட வந்துட்ட மாதிரி காட்டும். கிளம்பறதுக்கு முன்னாடியே போற இடத்தோட அகலத்தைப் பாத்து வச்சுக்குங்க.

காத்து விட்டு விட்டு வீசுதுன்னா? காத்து 10, கஸ்ட் 20-ன்னா வித்தியாசத்துல பாதி, 5 நாட் கூட்டுங்க. அதுக்கு மேல வேண்டாம்.



மே மாச மத்தியானத்துல தரை வேகமா ஓடற மாதிரி இருக்குன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்கீங்க. ஓடத்தான் செய்யுது. சூட்டுல காத்து அடர்த்தி குறைஞ்சிருக்கும், முள்ளு 65 காட்டினாலும் உண்மையான வேகம் அதைவிட அதிகம். அதைப் பாத்துட்டு வேகத்தைக் குறைக்கிறீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. முள்ளை நம்புங்க.

பவுன்ஸ் ஆனா என்ன பண்றது? சின்னதுன்னா மூக்கை அப்படியே வச்சுட்டு மறுபடி அமர விடுங்க. பெருசுன்னா யோசிக்காதீங்க, கோ-அரவுண்ட். முழு த்ராட்டில், ஃப்ளாப் 20-க்கு, ஏற ஆரம்பிச்சதும் மிச்சத்தைப் படிப்படியா எடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க: லேண்டிங்குக்கு ட்ரிம் பண்ணின விமானம், முழு பவர் கொடுத்ததும் மூக்கை ரொம்ப மேல தூக்கும். பலமா முன்னாடி தள்ளிப் பிடிக்கணும். கோ-அரவுண்ட் பண்ணினதுக்காக யாராவது உங்களைத் திட்டினா, அந்த ஆள்கிட்ட கத்துக்காதீங்க.

கடைசியா ஒரு அப்பா எழுதியிருந்தார். "கூடச் சேர்ந்தவங்க எல்லாம் சோலோ போயிட்டாங்க, என் பொண்ணு மட்டும் போகலை. செலவு ஏறிட்டே போகுது." ஐயா, உங்க கவலை எனக்குப் புரியுது. நடுவுல மழை, விமானம் ஒர்க்‌ஷாப்ல, இன்ஸ்ட்ரக்டர் மாறினது எல்லாம் சேர்ந்தா யாருக்கும் தள்ளிப்போகும். விட்டு விட்டுப் பறக்கறவங்களுக்குப் போன தடவை பழகினது இன்னைக்குக் கையில இருக்காது. சோலோ எப்போன்னு உங்க பொண்ணுகிட்ட தினமும் கேக்காதீங்க. இன்னைக்கு ஃபைனல்ல வேகம் எவ்வளவு இருந்துச்சும்மான்னு கேளுங்க. ஒரு வாரம் விடாம பறக்க ஸ்லாட் கிடைக்குமான்னு ஸ்கூல்ல போய்ப் பேசுங்க, அது உங்களால முடியும்.

குறுக்குக்காத்து பத்தித் தனியா ஒரு வீடியோ போடறேன். கேள்வி அனுப்பறவங்க எந்த விமானம், எத்தனை ஃப்ளாப், ஃபைனல்ல எத்தனை நாட்னு சேத்து எழுதுங்க.