துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நல்ல இதயம் கடிகாரம் மாதிரி துடிக்காதுங்க. நிமிடத்துக்கு 60 என்றாலும் ஒரு இடைவெளி 0.95 நொடி, அடுத்தது 1.04 நொடி என்று ஏறி இறங்கும். மாரடைப்புக்குப் பின் 808 பேரைக் கவனித்த கிளைகர் குழுவினர், இந்த ஏற்ற இறக்கம் மிகவும் சுருங்கியவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்று 1987-இல் காட்டினார்கள். ஆகவே இதை அளப்பது விளையாட்டுக் காரியமில்லை.

அந்த ஏற்ற இறக்கத்தை அதிர்வெண்களாகப் பிரிப்பதுதான் நிறமாலைப் பகுப்பாய்வு. 1996-இல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் குழு வகுத்தபடி 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த பட்டை; அதற்கு மேல் 0.4 வரை உயர்ந்த பட்டை.

நமக்கெல்லாம் பழக்கமானது எஃப்.எஃப்.டி. அது சம இடைவெளிப் புள்ளிகளைக் கேட்கும். இதயம் சம இடைவெளியில் துடித்தால் நமக்கு வேலையே இல்லையே! அதனால் நடுவே கோடு போட்டு, நொடிக்கு 4 புள்ளி என்று நாமே நிரப்புகிறோம். நேர்கோட்டால் நிரப்பினால் உயர்ந்த பட்டையின் வலிமை குறைந்துபோகும். ஆட்டோரெக்ரெஸிவ் முறை குறுகிய பதிவிலும் வழவழப்பான முகடுகளைத் தரும், பார்க்க அழகுதான். ஆனால் மாடலின் படியை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைத்தால் இரண்டு முகடு ஒன்றாகும். கூட்டினால் இல்லாத முகடு முளைக்கும்.

மூன்றாவது முறை வானியலிலிருந்து வந்தது. விட்டு விட்டுக் கிடைத்த நட்சத்திர அளவீடுகளுக்காக லோம்ப் 1976-லும் ஸ்கார்கில் 1982-லும் எழுதியது. எதையும் நிரப்பாது, தப்பித் துடித்த இடத்தை எடுத்துவிட்டு மேலே போகலாம். என் ஓட்டு இதற்கே.

ஒரே பதிவை மூன்று முறையிலும் போட்டால் மூன்று எண் வரும். முறையைச் சொல்லாமல் "போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது" என்று நோயாளியிடம் சொன்னால், மாறியது இதயமா, மென்பொருளா?

எந்த முறையும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு, மூச்சு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 0.25 ஹெர்ட்ஸ், உயர்ந்த பட்டை. பிராணாயாமத்தில் 6 மூச்சாக இறங்கினால் 0.1 ஹெர்ட்ஸ், தாழ்ந்த பட்டைக்குள் வந்துவிடும். இரண்டின் விகிதம் எகிறும். அதைப் பார்த்து 'மன அழுத்தம்' என்று எழுதிவிடுவார்கள். அந்த மனிதரோ நிம்மதியாகக் கண்மூடி உட்கார்ந்திருப்பார்! ஈ.சி.ஜி.யோடு மூச்சையும் பதிவு செய்யுங்கள்.

புராஜெக்ட் தேடும் தம்பிகளே, நோயாளிக்காக அலைய வேண்டாம். எம்.ஐ.டி.-பி.ஐ.எச். தொகுப்பில் அரை மணி நேரப் பதிவுகள் 48 இருக்கின்றன, பிசியோநெட்டில் இலவசம். தப்புத் துடிப்பு நிறைய உள்ள ஒன்றை எடுத்து மூன்று முறையிலும் போட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மதியம் பந்தியில் என்னைப் பிடிக்கலாம்.