பழைய திசைவியும் புதிய எண்ணும்



ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமலே மாற்றுவது எப்படி என்பதை நாம் இன்று காண்போம்.

இணையம் ஒரே வலை அன்று. தனித்தனி நிருவாகத்தின் கீழ் இயங்கும் பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எந்த முகவரியை எவ்வழியே அடையலாம் என்பதை அவற்றின் எல்லையிலுள்ள திசைவிகள், பி.ஜி.பி. என்னும் நெறிமுறைப்படி ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. அறிவிப்பு கடந்து வந்த வலையமைப்புகளின் எண்கள் அதில் வரிசையாக இடம்பெறும். அவ்வரிசையில் தன் எண்ணையே காணும் திசைவி, வழி சுற்றி வருவதை உணர்ந்து அதனைத் தள்ளிவிடும்.

அவ்வெண்ணுக்கு முதலில் 16 பிட் இடமே ஒதுக்கினர். 65,536 எண்களுக்கு மேல் இல்லை. அவை தீரும் நிலை வந்தபோது 32 பிட்டாக விரிக்க நேர்ந்தது. ஆனால் உலகிலுள்ள திசைவிகள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்ற எவராலும் இயலாது. பழைய திசைவியோ நீண்ட எண்ணை இரண்டு எண்களாகப் படித்து மயங்கும்.

2007-இல் வெளியான விதி இதற்கு வழி கண்டது. தொடர்பு தொடங்கும்போதே புதிய திசைவி தன் திறனைக் கூறும். எதிரிலுள்ளதும் அவ்வாறே கூறினால் இரண்டும் நீண்ட எண்ணைப் பயன்படுத்தும். இல்லையேல், 16 பிட்டில் அடங்காத ஒவ்வோர் எண்ணுக்கும் 23456 என்னும் பதிலி எண்ணை இட்டு, உண்மை வரிசையைத் தனிப்பகுதியில் வைத்து அனுப்பும். பழைய திசைவி அப்பகுதியைப் புரிந்துகொள்ளாது. ஆயினும் சிதைக்காமல் கடத்தும். அறியாத பகுதியாயினும் ‘கடத்துக’ என்னும் குறியிருந்தால் கடத்த வேண்டும் என்று நெறிமுறையை வகுத்தோர் முன்னரே விதித்திருந்தனர். அப்பாலுள்ள புதிய திசைவி இரண்டையும் இணைத்து உண்மை வரிசையை மீட்கும். 23456 எவருக்கும் உரியதன்று; ஆதலால் எத்திசைவியும் அதைத் தன் எண்ணாகக் கருதாது. ஓர் எண்ணுக்கு ஓர் எண்ணே வருவதால் வழியின் நீளமும் மாறாது.

இதிலும் ஒரு குறை இருந்தது. அத்தனிப்பகுதியே பழுதாய் வந்தால் என்ன செய்வது என்பதை முதல் விதி தெளிவாகச் சொல்லவில்லை. பழைய திசைவிகள் படிக்காமலே கடத்திய பழுது, தொலைவிலுள்ள புதிய திசைவியின் தொடர்பைத் துண்டிக்கக்கூடும். 2012-இல் வந்த திருத்தம், அப்பகுதியை மட்டும் விலக்கிவிட்டு அறிவிப்பை ஏற்குமாறு பணித்தது.

மாணவர்களே, நாம் இன்று வகுக்கும் வடிவத்தை நாளை வேறொருவர் விரிப்பார். அறியாததைக் கண்டால் என்ன செய்வது, பழுதானதைக் கண்டால் என்ன செய்வது என்னும் இரண்டையும் இன்றே எழுதி வைப்போம். அவருக்கு நாம் விட்டுச்செல்லும் இடம் அதுவே.