உப்புக்கு உண்டு, கல்லூரிக்கு இல்லையா?



கடையில் ஓர் உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். எடை இருக்கும், விலை இருக்கும், செய்தவர் பெயரும் முகவரியும் இருக்கும். அச்சிடாமல் விற்றால் குற்றம் என்கிறது 2011ஆம் ஆண்டு விதி. நல்ல விதி! ஆனால், அந்த உப்பை இம்மரக்காணத்து அளங்களிலே கால் வெடிக்க வாரிக் குவித்த தாய், மகளை அழைத்துக்கொண்டு கல்லூரி வாயிலில் நிற்கிறாளே, அவளுக்கு அச்சிட்டுத் தருவது என்ன? கட்டடத்தின் படம்! பேருந்தின் படம்! கட்டணம் எவ்வளவு என்றால், "உள்ளே வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்கிறார் தரகர். உதவித்தொகை உண்டா என்றால், "எல்லாம் உண்டம்மா!"

அந்த "எல்லாம்" என்ற சொல்லில்தான் இருக்கிறது சூழ்ச்சி. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010இல் வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவருக்கே அது உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே, விடுதிக்கு அன்று. தாய்க்கு இது எப்போது தெரிகிறது? ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி, கூலி நின்று, அடுத்த தவணை கேட்டுக் கடிதம் வரும்போது! மழைக்கால நிவாரணமாக அரசு அறிவித்த 5,000 ரூபாய் எந்த மூலைக்குக் காணும்?

விதி இல்லாமல் இல்லை. கட்டணத்தை இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கட்டளை. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள்கள் முன்பே விலகினால், 5 விழுக்காட்டுக்கு மேல், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது, மூலச் சான்றிதழை முடக்கக்கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. உப்பளக் குடிசையில் யார் இதைப் படித்துச் சொன்னார்கள்? நாம் சொன்னோமா?

நுகர்வோர் மன்றம் போகலாமே என்பீர். மாணவர் நுகர்வோர் அல்லர் என 2010இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அக்கேள்வியை மீண்டும் ஆராய 2020இல் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. கல்வி கடைச்சரக்கு அன்று, ஒப்புகிறேன். விற்பவர் ஒப்பவில்லையே!

ஆகவே, பணம் கட்டுமுன் கேட்கவேண்டும். நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு? இடம் எந்த ஒதுக்கீட்டில்? எந்த உதவி, எத்தனை ரூபாய்? விடை எழுத்தில், முத்திரையோடு வேண்டும். தர மறுத்தால் பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு திரும்பிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளைத் தெருத்தெருவாகக் குறித்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில், அந்தத் தாயுடன் கிளைத்தோழர் ஒருவர் செல்லட்டும். அன்றைய கூட்டத்துக்கு அவர் வராவிட்டாலும் குற்றமில்லை.