பழைய படங்களும் பாட்டாளி மக்களும்

(சிவகங்கையில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பழைய படங்களைப் பாதுகாப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801-ல். 56 ஆண்டுகள் கழித்து, வடக்கே சிப்பாய்கள் கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் போராடிய நேரத்தில், சென்னை சர்க்காரின் புகைப்படக்காரர் காப்டன் லின்னேயஸ் ட்ரைப் நம் பக்கம் வந்தார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் படமெடுத்தார். அவருக்கு உதவியாளர் அய்யாசாமி என்ற நம்மவர். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார்.

அரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் உழைப்பாளியைத் தேடினால் கிடைப்பது அரிது. அந்தக் காலக் காமிராவில் படம் பதிய நேரம் பிடிக்கும். அசையாத கல் பதிந்தது. அசைந்து வேலை செய்தவன் பதியவில்லை. படமெடுத்தவருக்கும் அவன் தேவைப்படவில்லை. ராஜராஜன் கல்வெட்டுகளிலும் இதே கதைதான். கோயிலுக்கு ஊர்கள் அளக்க வேண்டிய நெல்லுக்குக் குறுணி நாழிவரை கணக்கு உண்டு. விளைவித்தவர்களோ பறைச்சேரி, கம்மாணசேரி என்று வெறும் சேரிகளாக நிற்கிறார்கள்.

ட்ரைப்பின் படங்களை 2014, 2015-ல் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்சிக்கு வைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு காப்பாற்றியதால்தான் அது முடிந்தது.

நம் படங்கள் எங்கே? ஆலை வாயிலில் நடந்த மறியல், மாநாட்டில் வரிசை வரிசையாக நின்று எடுத்த நீளப் படம் எல்லாம் சுவரில் தொங்கிக் கரையானுக்கு இரையாகின்றன. ஸ்டூடியோவை மூடினால் நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகின்றன.

ஆகவே, தோழர்களே! கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பசை தடவாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். படங்களைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துகொண்டு அசலை உங்களிடமே தருவோம்.

பிரதிகளை ஒன்றோடொன்று சேர்த்து மே தினத்தன்று காட்சிக்கு வைப்போம். 19 அடிக்குக் குறையக்கூடாது. அதில் நிற்கும் ஒருவர்கூடப் பெயரில்லாமல் இருக்கக்கூடாது!