ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளைக்கு நாய் தேடினால் இந்த இரண்டு பெயரும் பேச்சில் வந்துவிடும். இரண்டுமே கரிசல் சீமை வேட்டை நாய்கள்.

ராஜபாளையம் 2005-இல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, காவலுக்குக் கெட்டி. ஆனால் அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வரும். வாங்குமுன் குட்டியைத் தனியே பிரித்து, பின்னால் நின்று கைதட்டுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பி, உங்களை ஏமாற்றிவிடும்!

சிப்பிப்பாறை ஒல்லி, ஓட்டத்தில் கில்லாடி. முயலைக் கண்டால் நம் குரல் காதில் ஏறாது. பக்கத்துத் தோட்டத்துக் கோழியும் அதற்கு முயல்தான். ஆனாலும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு என் ஓட்டு சிப்பிப்பாறைக்குத்தான். வேலி மட்டும் ஆள் உயரம் இருக்கட்டும். அடுக்குமாடிக்காரர்கள் விடிகாலையில் ஓடவிட மைதானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.