மர்மக் கதையும் மருத்துவ உண்மையும்

துப்பறியும் கதைகளைப் படிப்போர் ஒரு காட்சியைப் பன்முறை கண்டிருப்பர். இருளில் ஒருவன் பின்னால் வந்து, குளோரோபாரம் நனைத்த கைக்குட்டையைக் கதாநாயகியின் மூக்கில் வைத்து அழுத்துகிறான். அடுத்த கணமே அவள் மூர்ச்சையாகிறாள். கதாசிரியருக்கு இது வசதிதான். ஆனால் குளோரோபாரம் அவ்வாறு வேலை செய்வதில்லை. அதைச் சில நிமிடங்களேனும் இடைவிடாது சுவாசித்தாலன்றி நினைவு தப்பாது. இதை அறிந்த வாசகருக்கு அக்கணமே கதையில் நம்பிக்கை போய்விடுகிறது.

மருத்துவ விவரம் நம்பத்தக்கதாய் அமைய, வாயில் நுழையாத மருந்துப் பெயர்கள் வேண்டுவதில்லை. வேண்டுவன இரண்டே: நோய் எடுத்துக்கொள்ளும் காலம், அது காட்டும் அறிகுறி.

நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கையே பாருங்கள். 1933-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி ஹௌரா ரயில் நிலையத்தில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள பாகுர் ஜமீன் குடும்பத்து இளைஞர் ஒருவரின் கையில், கூட்டத்தில் வந்த எவனோ ஊசியால் குத்திவிட்டு மறைந்தான். இளைஞர் அங்கேயே சாய்ந்துவிடவில்லை. பின்னர்தான் காய்ச்சல் கண்டது. டிசம்பர் 4-ஆம் தேதி அவர் இறந்தார். அவருடைய இரத்தத்தைச் சோதித்தபோது பிளேக் கிருமி காணப்பட்டது. சொத்துத் தகராறு காரணமாக, ஒரே தந்தைக்குப் பிறந்த மூத்தவரும் அவருக்குத் துணைநின்ற டாக்டர் ஒருவரும் செய்த சதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவமற்ற எழுத்தாளர் ஒருவர் இதைப் புனைந்திருந்தால், ஊசி பட்டதும் அவ்விளைஞரை மேடையிலேயே வீழ்த்தியிருப்பார். உண்மையிலோ, இடைப்பட்ட அந்த எட்டு நாட்களே நெஞ்சை நடுங்கச் செய்கின்றன.

இந்த இரகசியத்தை நன்கு உணர்ந்தவர் அகதா கிறிஸ்டி. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் டார்க்கி நகர மருத்துவமனையில் நர்ஸாகவும், பின்னர் அங்கேயே மருந்து கலப்பவராகவும் பணியாற்றியவர் அவர். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே விஷத்தின் தன்மை பிழையின்றி அமைந்திருந்தது. மருந்தாளுநர்களின் பத்திரிகையே அதைப் பாராட்டி எழுதிற்று.

1961-இல் வெளிவந்த 'தி பேல் ஹார்ஸ்' என்ற நாவலில், தாலியம் என்னும் நஞ்சின் அறிகுறிகளை அவர் எழுதினார். தலைமுடி உதிர்தல் அவற்றுள் ஒன்று. 1977-இல் கத்தார் நாட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையை லண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். என்ன நோயென்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. குழந்தையைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஒருவர் அப்போது அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். கதையில் உள்ள அறிகுறிகளே கண்முன் இருப்பதைக் கண்டு டாக்டர்களிடம் கூறினார். சோதனையில் தாலியம் உறுதியாயிற்று. வீட்டில் பூச்சிகளைக் கொல்ல வைத்திருந்த மருந்திலிருந்து அது குழந்தையின் உடலில் சேர்ந்திருந்தது. தக்க சிகிச்சை கிடைத்தது. குழந்தை தேறி வீடு திரும்பிற்று.

ஆசிரியர் அன்று அறிகுறிகளை மனம் போனபடி கற்பனை செய்திருந்தால், அந்த நர்ஸுக்கு அப்புத்தகம் பொழுதுபோக்காக மட்டுமே இருந்திருக்கும்.

அப்படியானால், எல்லாவற்றையும் எழுதிவிடலாமா என்று கேட்கலாம். கூடாது. எவ்வளவு கொடுத்தான், எங்கே வாங்கினான், எப்படிக் கலந்தான் என்பவை கொலைகாரனுக்கே பயன்படுவன. வாசகருக்கு அவை தேவையில்லை. நோயாளி எப்படித் துன்புற்றார், வீட்டார் எதைக் கவனிக்கத் தவறினர், டாக்டர் எதைக் கண்டு ஐயுற்றார் என்பவற்றை விரிவாகவும் பிழையின்றியும் எழுதலாம். கதைக்கு வலிமை தருபவை அவையே. ஐயம் எழுந்தால், தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டுத் தெளிவது எழுத்தாளருக்கு இழுக்கன்று.

கொலை கற்பனையாக இருக்கலாம். காய்ச்சல் உண்மையாக இருக்கவேண்டும்.